பதினான்கு பென்சில் வட்டங்கள்

பிப்ரவரி 4

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் ஓரகத்தி எழுதிக்கொள்வது. கை கால் எதையும் வழியில் தொலைக்காமல் வந்து சேர்ந்தேன். அத்தானின் மூட்டுவலி, உங்கள் தையல் மிஷினின் இரைச்சல், உங்கள் கொழுந்தனின் கோபம் மூன்றும் நான் விட்டுவந்த அளவிலேயே இருக்கும் என்று நம்புகிறேன். கூடியிருந்தால் எழுதுங்கள்.

எனக்குக் கிடைத்த அறை மாடியில். ஒரு கட்டில், ஒரு மேஜை, எதிர்ச்சுவரைப் பார்க்க ஒரு ஜன்னல். ஆகஸ்ட் வரை தகுதிகாண் காலம். அதற்குப் பிறகு வேலையை நிரந்தரம் செய்தால் தரைத்தளத்தில் வீடு தருவார்கள், கம்பெனி ஆஸ்பத்திரியும் பக்கத்திலேயே இருக்கிறது. என் வீட்டுக்காரரை அப்போது அழைத்துக்கொள்வேன். படி ஏற முடியாதவரை இந்த அறைக்கு எப்படிக் கூட்டி வருவது? அதுவரை அவரை உங்கள் தலையில் கட்டிவிட்டு வந்திருக்கிறேன். நன்றி என்று எழுதினால் திட்டுவீர்கள். எழுதிவிட்டேன், திட்டுங்கள்.

இது பறந்து களைத்த விமான இன்ஜின்களைப் பிரித்துப் பழுது பார்க்கும் பட்டறை. இன்ஜினின் சூடான பகுதியில் ஒரு சக்கரம் இருக்கிறது. அதைச் சுற்றி உள்ளங்கை நீளத்தில் அறுபத்திரண்டு உலோக இதழ்கள். பிளேடு என்கிறார்கள், சவரம் செய்கிற பிளேடு இல்லை. அவற்றை ஒளிரும் சாயத்தில் முக்கி எடுத்து, இருட்டறையில் ஊதா விளக்கின் கீழ் விரிசல் தேடுவது என் வேலை. சந்தேகமான இடத்தில் வட்டம் போட்டு, இன்னொரு முறை பார்த்து, சரியென்றால் வட்டத்தைத் துடைத்துவிட்டு உலைக்கு அனுப்ப வேண்டும். அங்கே அவற்றுக்கு மேல்பூச்சு ஏற்றுகிறார்கள்.

ஒரு வேடிக்கை கேளுங்கள். பட்டறை வாசலில் காவலர், நாம் எதையாவது தூக்கிக்கொண்டு போகிறோமா என்று பார்ப்பதில்லை. உள்ளே போகும்போது, "பென்சில் இருக்காம்மா?" என்று கேட்கிறார். இருந்தால் அங்கே மாட்டியிருக்கும் மரப்பெட்டியில் போட்டுவிட்டுப் போக வேண்டும். பிளேடின் மேல் பென்சில் கோடு இருந்தால், உலைச் சூட்டில் பென்சிலின் கரி உலோகத்துக்குள் இறங்கிவிடுமாம். அந்த இடம் பலமிழந்து, பிற்பாடு வானத்தில் விரிசல் விடுமாம். குறி போடுவதற்கென்றே தனி மைப் பேனா கொடுத்திருக்கிறார்கள். பம்ப் கம்பெனியில் பத்து வருஷம் வார்ப்பிரும்பில் பென்சிலால் வட்டம் போட்டவள் நான். கேட்டதும் சிரித்துவிட்டேன். எங்கள் ஃபோர்மேன் சிரிக்கவில்லை. எப்போதும் மணியையே பார்க்கிற மனிதர், பெண்கள் அவருக்குக் கடிகாரம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், எல்லா உடம்புகளையும்.

உங்கள் தங்கச்சி


பிப்ரவரி 19

என் அருமை ஓரகத்திக்கு,

இந்த வீட்டில் ஆட்கள் மூன்று, வலிகள் ஐந்து, மற்றபடி சுகம். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்பதை இனிமேல் முதல் வரியிலேயே எழுது. கதையெல்லாம் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

அண்ணனையும் தம்பியையும் கட்டிக்கொண்ட பாவத்துக்கு நீயும் நானும் பன்னிரண்டு வருஷம் ஒரே அடுப்பில் சமைத்தோம். ஓரகத்திகள் என்றால் முடியைப் பிடித்துக்கொள்வார்கள் என்று தெருவே காத்திருந்தது, ஏமாற்றிவிட்டோம். அப்படிப்பட்ட எனக்கு நீ நன்றி எழுதுகிறாய். வெட்கமாக இல்லை? இதோ, திட்டிவிட்டேன்.

உன் வீட்டுக்காரர் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். பஸ் டிப்போவில் ஏணியிலிருந்து விழுந்து இடுப்பு உடைந்தவர் எட்டாவது மாதத்தில் நிற்பதே பெரிது என்கிறார் டாக்டர். அவருக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. இருபது வருஷம் பஸ் ஓட்டியவர் அல்லவா, ஜன்னல் ஓரம் உட்கார்ந்து தெருவில் போகிற டிரைவர்களையெல்லாம் திட்டுகிறார். உனக்கு இரண்டு வரி எழுதச் சொன்னேன். "என்னத்த எழுத? நின்னேன், உக்காந்தேன்னா?" என்கிறார்.

அந்தப் பிளேடு இரும்புதானே? உன் அத்தான் வெள்ளி என்று சாதிக்கிறார். சீக்கிரம் தீர்ப்புச் சொல்.

அக்கா


மார்ச் 13

அன்புள்ள அக்காவுக்கு,

வேளைக்குச் சாப்பிடுகிறேன். போதுமா? அவர் நிற்கிறார் என்ற வரியை எத்தனை முறை படித்தேன் என்று எண்ணவில்லை. நீங்கள் மூவரும் இதேபோல் தேறிக்கொண்டே போக வேண்டும்.

தீர்ப்பு: இருவரும் தோற்றீர்கள். இரும்பு இந்தச் சூட்டில் துவண்டுவிடும், வெள்ளி ஓடியே போய்விடும். முன்பக்கம் இருக்கும் பெரிய விசிறி டைட்டானியம். எடை குறைவு, வலு அதிகம், ஆனால் குளோரின் ஆகாது. அந்தப் பக்கம் பிளீச்சிங் பவுடர் போட்டுத் தரைகூடத் துடைக்க மாட்டார்கள். என் பிளேடுகள் நிக்கல். அதில் குரோமியம், கோபால்ட், கொஞ்சம் அலுமினியம், இன்னும் வாயில் நுழையாத இரண்டு மூன்று கலந்திருக்கிறது. சுற்றி ஓடும் வாயுவின் சூடு, அந்த உலோகமே உருகும் சூட்டைவிட அதிகம். உருகாமல் இருப்பதற்காக உள்ளே உங்கள் ஊசிக்காது அளவில் துளைகள் விட்டு, அவற்றின் வழியே காற்றை ஓட்டுகிறார்கள். இத்தனையும் தாங்குகிற உலோகம் ஒரு பென்சில் கோட்டைத் தாங்காது. உங்கள் கொழுந்தன் மாதிரிதான். ஏணியிலிருந்து விழுந்ததைத் தாங்கினார், காபியில் சர்க்கரை குறைந்தால் தாங்க மாட்டார்.

போன வாரம் எனக்கென்று ஒரு முத்திரை கொடுத்தார்கள். நகத்தளவுதான், 47 என்ற எண். நான் பார்த்துச் சரி என்று சொன்ன பிளேடுகளின் தாளில் அதைக் குத்த வேண்டும். அதற்குப் பிறகு அவற்றை யாரும் மறுபடி பார்ப்பதில்லை. முதல் முறை குத்தும்போது பெருமையாக இருந்தது. உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது?

உங்கள் தங்கச்சி


ஏப்ரல் 2

ஓரகத்திக்கு,

மூவரும் நன்றாக இருக்கிறோம், நீயும் அப்படியே இரு. பள்ளிக்கூடச் சீருடை தைக்கிற பருவம், நூலும் நானுமாகக் கிடக்கிறேன். அதனால் ஒரே ஒரு செய்தி.

உன் கடிதத்தைப் படித்து மேஜையில் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் அது உன் வீட்டுக்காரரின் தலையணைக்கு அடியில் இருக்கிறது. கேட்டால், "ஃபேன் காத்துல பறந்து வந்துச்சு அண்ணி" என்கிறார். சர்க்கரை விஷயத்தைப் படித்துவிட்டார் போலிருக்கிறது. நேற்று காபியை ஒன்றும் சொல்லாமல் குடித்தார்.

அக்கா


மே 12

அன்புள்ள அக்காவுக்கு,

நலமாக இருக்கிறேன். நீங்கள் எல்லோரும் நலம்தானே? பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, வேலை அதிகம். இங்கே வெயிலும் அதிகம். அவரை மருந்து தவறாமல் சாப்பிடச் சொல்லுங்கள். வேறு ஒன்றும் விசேஷமில்லை.

உங்கள் தங்கச்சி


மே 22

தங்கச்சிக்கு,

நாங்கள் நன்றாகத்தான் இருக்கிறோம். நீ நன்றாக இல்லை. வெயிலைப் பற்றி எழுதுகிறவளா நீ? ஐந்து வரிக் கடிதத்தில் ஒரு கிண்டல் இல்லை, என்னை ஒரு வார்த்தை வம்புக்கு இழுக்கவில்லை. முதலில் காய்ச்சல் என்று நினைத்தேன். காய்ச்சல் வந்தால் நீ இன்னும் அதிகமாகப் பேசுவாய்.

யாராவது ஏதாவது சொன்னார்களா? அந்தக் கடிகாரம் ஏதாவது தொந்தரவு கொடுக்கிறாரா? எதுவாக இருந்தாலும் எழுது. மறைத்தால் அத்தானை ரயிலேற்றி அங்கே அனுப்புவேன். மூட்டுவலியோடு வந்து புலம்புவார், அது உனக்குத்தான் தண்டனை.

அக்கா


ஜூன் 1

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. உங்கள் மூவரின் நலம் கேட்கிற தைரியம்தான் இன்று இல்லை.

தப்புச் செய்துவிட்டேன். மே ஆறாம் தேதி மதியம் கேன்டீனில் உட்கார்ந்து உங்களுக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தேன், பென்சிலில். மணி அடித்ததும் பழக்கத்தில் பென்சிலைக் கொண்டையில் செருகிக்கொண்டு ஓடினேன். வாசலில், "பென்சில் இருக்காம்மா?" என்றார் காவலர். "இல்லண்ணே" என்றேன். நினைவே இல்லை. இருட்டறையில் பாதி வேலையில் மைப் பேனா காய்ந்துபோயிற்று. கை தானாகக் கொண்டைக்குப் போயிருக்கிறது. பத்து வருஷம் பழகிய கை. அந்த இருட்டில் என்ன பிடித்திருக்கிறேன் என்று பார்க்காமலே பதினான்கு வட்டம் போட்டேன். மறுபடி பார்த்தேன், விரிசல் இல்லை. துணியால் துடைத்தேன், முத்திரை குத்தினேன்.

மாலையில் அறைக்கு வந்து கொண்டையை அவிழ்த்தபோது பென்சில் தரையில் விழுந்தது. அப்போதுதான் புரிந்தது. காலையில் ஓடிப்போய்ப் பார்த்தேன். அறுபத்திரண்டும் உலைக்குள் போய்விட்டிருந்தன. எந்தப் பதினான்கு என்று நான் குறித்து வைக்கவும் இல்லை.

துணியால் துடைத்ததிலேயே எல்லாம் போயிருக்கலாம். ஒன்றுமே ஆகாமலும் இருக்கலாம். யாருக்கும் தெரியாது. சொன்னால் என்னை அனுப்பிவிடுவார்கள், வீடும் வராது, அவரையும் அழைத்துக்கொள்ள முடியாது. இருபத்தாறு நாளாக வாயை மூடிக்கொண்டிருக்கிறேன். ஜூன் இருபதாம் தேதி அந்தச் சக்கரத்தை இன்ஜினில் பூட்டுகிறார்கள். அதற்குள் நான் என்ன செய்ய வேண்டும் என்று எழுதுங்கள். நம் தெருக் கடைக்காரர் வீட்டுப் போனில் உங்களோடு பேசலாம் என்றால், அவர் காதைத் தீட்டிக்கொண்டு பக்கத்திலேயே நிற்பார். நீங்கள் என்ன எழுதினாலும் அதன்படி செய்கிறேன். எனக்குத் தனியாக யோசிக்கத் தெம்பில்லை, அக்கா.

உங்கள் தங்கச்சி


ஜூன் 9

தங்கச்சிக்கு,

இங்கே எல்லோரும் சுகம். நீ முதலில் ஒரு டம்ளர் தண்ணீர் குடி.

போய்ச் சொல். இந்தக் கடிதம் கைக்கு வந்த அன்றே சொல். நாளைக்கு என்று வைத்துக்கொண்டால் நாளைக்கும் இதே பயம்தான் இருக்கும்.

ஓட்டுகிறவனால் குனிந்து அடியில் பார்த்துக்கொண்டே ஓட்ட முடியாது. பிரேக்கை மிதித்தால் பிடிக்கும் என்று நம்பித்தான் காலை வைக்கிறான். அவனுக்கு முன்னால் யாரோ ஒருவர் பார்த்துச் சரி என்று சொல்லியிருக்கிறார், அந்த ஆளின் முகம்கூட அவனுக்குத் தெரியாது. பின்னால் உட்கார்ந்திருப்பவர்கள் தூங்குகிறார்கள். தூங்கட்டும், அதற்காகத்தான் டிக்கெட் எடுத்தார்கள். உன் முத்திரை அந்த ஆளின் வார்த்தை. அது பொய்யாக இருக்கக் கூடாது.

வீடு இல்லையென்றால் இல்லை. வேலை போனால் அடுத்த ரயிலில் வா. இந்த வீட்டில் உன் தட்டு இருந்த இடத்திலேயே இருக்கிறது. உன்மேல் இங்கே யாருக்கும் கோபமில்லை. ஒருவருக்கும் இல்லை.

அக்கா


ஜூலை 20

அன்புள்ள அக்காவுக்கு,

சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், உயிரோடு இருக்கிறேன். உங்கள் கடிதத்துக்கும், பிறகு விசாரித்து எழுதியதற்கும் பதில் போடாததற்கு மன்னியுங்கள். முடிவு தெரியாமல் எழுதி உங்களையும் சேர்த்துக் கலங்கடிக்க வேண்டாம் என்று இருந்தேன். நீங்கள் மூவரும் நலம்தானே?

கடிதம் பதினேழாம் தேதி மதியம் வந்தது. படித்ததும் நேராக ஃபோர்மேனிடம் போனேன். சொல்லி முடிக்கும்வரை அவர் ஒரு முறைகூட மணியைப் பார்க்கவில்லை. "எத்தன பிளேடு?" என்றார். "பதினாலு." "என்னிக்கு?" "மே ஆறு." எழுந்து போய், அந்தச் சக்கரத்தின்மேல் சிவப்பு அட்டையைத் தானே கட்டிவிட்டு வந்தார். பிறகு என் முத்திரையை வாங்கி மேஜை டிராயரில் போட்டார். நான் நின்றுகொண்டே இருந்தேன். "உக்காரும்மா" என்றார். அதற்குப் பிறகுதான் அழுதேன்.

சில பிளேடுகளை அறுத்து நுண்ணோக்கியில் பார்த்தார்கள். இரண்டில் வட்டம் போட்ட இடத்துக்கு அடியில் கரி இறங்கியிருந்தது. என்னையும் கூப்பிட்டுக் காட்டினார்கள். துணியில் நூல் இழுத்தது போல மெல்லிய கருப்புக் கோடுகள். ஒன்றும் ஆகாது என்று அத்தனை நாளும் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அறுபத்திரண்டையும் கழித்துவிட்டார்கள். வேறு பிளேடுகள் வரும்வரை பூட்டுகிறவர்கள் ஒரு மாதம் திண்டாடினார்கள். என்னைக் கழுவும் பகுதிக்கு மாற்றினார்கள். முதல் வாரம் கேன்டீனில் என் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. இரண்டாவது வாரம் இருட்டறைத் தோழி வந்து தட்டை வைத்தாள். "நானும் ஒரு தடவ பென்சிலோட உள்ள போயிருக்கேன். வெளியில வந்தப்புறம்தான் பாத்தேன். அதப் போய்ச் சொல்ல உனக்கு இருந்த வாய் எனக்கு இல்ல" என்றாள். அவளுக்கு நான் என்ன கைம்மாறு செய்வேன்?

நேற்று முடிவு சொன்னார்கள். வேலை போகவில்லை. நிரந்தரமும் இல்லை. தகுதிகாண் காலத்தை இன்னும் ஒரு வருஷம் நீட்டிவிட்டார்கள், தரைத்தள வீடும் அதோடு போயிற்று. ஃபோர்மேன் முத்திரையைத் திருப்பிக் கொடுத்தார். "இனிமே நாப்பத்தேழு குத்தின தாள நான் ரெண்டாவது தடவ பாக்க மாட்டேன்" என்றார். வாசலில் மட்டும் ஒரு புது வழக்கம். காவலர் இப்போது பெண்களின் கொண்டையையும் பார்க்கிறார். எல்லோரும் தினம் காலையில் என்னை முறைத்துவிட்டுத்தான் உள்ளே போகிறார்கள்.

அக்கா, உங்கள் கடிதம் வராமல் இருந்திருந்தால் நான் சொல்லியிருக்க மாட்டேன். அந்தச் சக்கரம் இந்நேரம் வானத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். நீங்கள் திட்டினாலும் சரி, நன்றி, நன்றி, நன்றி. அவரிடம் வீடு கிடைக்கவில்லை என்பதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. நீங்களே பக்குவமாகச் சொல்லிவிடுங்கள். இன்னும் ஒரு வருஷம் அவர் அங்கேதான் இருக்க வேண்டியிருக்கும். அவர் ஒரு வரி எழுதியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பரவாயில்லை.

உங்கள் தங்கச்சி


ஜூலை 30

என் தங்கச்சிக்கு,

எல்லோரும் சுகமாக இருக்கிறோம். உன் கடிதத்தை வாய்விட்டுப் படித்தேன். உன் அத்தான் மூக்கைச் சிந்திக்கொண்டு, தூசி என்றார்.

அந்த மூன்று நன்றியையும் நான் வைத்துக்கொள்ள முடியாது. ஒரு விஷயம் ஒன்றரை மாதமாக நெஞ்சில் முள்ளாகக் குத்துகிறது. சொல்லக் கூடாது என்று உன் வீட்டுக்காரர் சத்தியம் வாங்கியிருந்தார். மீறுகிறேன்.

உன் ஜூன் மாதக் கடிதம் வந்த அன்று நான் எழுதிய பதில் வேறு. "வாயைத் திறக்காதே. துணியால் துடைத்தாயிற்று அல்லவா, தெய்வம் பார்த்துக்கொள்ளும். வீடு கைக்கு வரும் நேரத்தில் கெடுத்துக்கொள்ளாதே" என்று எழுதினேன். ஆமாம், நான்தான் எழுதினேன். எனக்கு உன் குடும்பம் மட்டும்தான் கண்ணில் தெரிந்தது. ஒட்டும்போது உன் வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டார். "என்ன அண்ணி, படிங்க" என்றார். இரண்டு கடிதங்களையும் படித்தேன். "அதக் கிழிச்சிடுங்க அண்ணி. நான் சொல்றேன், எழுதுங்க" என்றார். போய்ச் சொல் என்பதிலிருந்து கடைசி வரி வரைக்கும் அவர் சொல்லச் சொல்ல நான் எழுதியது. தண்ணீர் குடி என்றது மட்டும் நான். ஒருவருக்கும் கோபமில்லை என்பதை இரண்டு முறை எழுதச் சொன்னார்.

தன் பெயரில் அனுப்ப ஒப்பவே இல்லை. "நான் சொன்னேன்னு தெரிஞ்சா, எனக்கு வரவேண்டிய வீட்ட நானே வேணாம்னுட்டேன்னு நெனச்சு அழுதுகிட்டே போவா. நிமிந்து போகட்டும்" என்றார். மறுநாள் காலை கடிதத்தை என்னிடம் கொடுக்கவில்லை. ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு தெருமுனைத் தபால்பெட்டி வரைக்கும் தானே நடந்தார். விழுந்த நாளிலிருந்து அவர் தன் காலால் வாசலைத் தாண்டியது அன்றுதான். போக வர ஒரு மணி நேரம் ஆயிற்று. நான் பட்டன் வாங்கப் போகிறவள் மாதிரி பின்னாலேயே போனேன், திரும்பிப் பார்த்து முறைத்தார்.

வீடு இல்லை என்று நான் பக்குவமாகச் சொல்ல வேண்டிய அவசியமே இருக்கவில்லை. நீ எழுதியதைக் கேட்டு முடித்ததும் எழுந்து போய், பின்கட்டு மாடிப்படியில் ஏற ஆரம்பித்தார். தினமும் காலையும் மாலையும் ஏறுகிறார். நேற்று ஒன்பதாவது படியில் உட்கார்ந்துகொண்டு ஒரு கேள்வி கேட்டார். அவருடைய கேள்வியை அவர் பெயரிலேயே அனுப்புகிறேன். "அவ ரூமுக்கு மொத்தம் எத்தன படின்னு கேட்டு எழுதுங்க."

அக்கா


ஆகஸ்ட் 8

அன்புள்ள அக்காவுக்கும், அக்கா வழியாகவே எனக்கு எழுதியவருக்கும்,

நலம். இவ்வளவு நலமாக இதற்கு முன் எப்போது இருந்தேன் என்று தெரியவில்லை.

கிழித்துப்போட்ட கடிதத்துக்கும் நன்றி, அக்கா. என் குடும்பத்துக்காகப் பொய்கூடச் சொல்லத் துணிகிற ஓரகத்தி யாருக்குக் கிடைப்பாள்?

அவருக்கு: முப்பத்தி நான்கு படி. இரண்டு முறை எண்ணிப் பார்த்துவிட்டேன். பதினேழாவது படியில் ஒரு திருப்பம் இருக்கிறது, அங்கே ஒரு நாற்காலி போட்டிருக்கிறேன். கைப்பிடி முதல் படியிலிருந்து கடைசி வரை இருக்கிறது. ஒவ்வொரு இடமாக இழுத்துப் பார்த்தேன், ஆடவில்லை.

உங்கள் தங்கச்சி